ஆறு குதிரை

ஏகாம்பரம் கால்குலேட்டரை எடுத்துவிட்டான்.
என் மச்சினன். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு.
ஒரு லிட்டர் டீசல் தொண்ணூற்று மூன்று ரூபாய்,
மூன்று யூனிட் வரும், அதுவும் அதிர்ஷ்டமிருந்தால்.
ஆக, யூனிட் முப்பத்தொன்று.
ஆயில் மாற்றுவது தனி, பெல்ட் தனி,
அக்காவின் தலைவலி மாத்திரை தனி.
"வாரியம் நூறு யூனிட்டைச் சும்மா தருது, மாமா."

ஆமாம்ப்பா, தருது.

கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்கு இந்தப் பக்கம்,
வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது அது:
ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் சக்கரம்,
ராஜ்கோட்டில் வார்த்த இரும்பு.
பண்ருட்டிப் பக்கம் ஏதோ முந்திரித் தோப்புக்குத்
தண்ணீர் இறைத்துக் களைத்து
ஜக்ரியா பாயின் காயலான் கடையில் கிடந்ததை
எடைக்கு வாங்கினேன்.
முன்னூற்று இருபது கிலோ.
ஏற்றிவந்த குட்டியானைக்கு அன்று முதுகு பிடித்திருக்கும்.

நான் வேலை பார்ப்பது நெய்வேலியில்.
இருநூற்றுப் பத்து மெகாவாட்டுக்கு முன்னால்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது.
இருபத்திரண்டு வருடம்.
முள் ஆடாது. ஆடினால் மெமோ.
எங்கோ ஒரு தெரு மொத்தமும் விளக்கணைத்துத் தூங்கப் போகும்,
எனக்குத் தெரியாது.
எங்கோ ஒருத்தி தவணையில் கிரைண்டர் வாங்கி
முதல் ஈடு மாவாட்டிப் பார்ப்பாள்,
எனக்குத் தெரியாது.
நான் அனுப்பியதா, தூத்துக்குடி அனுப்பியதா,
கம்பிக்கே தெரியாது.

இங்கே, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறு.
டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி
கைப்பிடியை மாட்டிச் சுற்ற வேண்டும்.
பத்து, பன்னிரண்டு, மூச்சு முட்டும்போது
லீவரை விட்டுவிட வேண்டும்.
டுப்.
அவ்வளவுதான் போல என்று ஓர் இடைவெளி.
டுப். டுப்.
பிறகு நிமிடத்துக்கு அறுநூற்றைம்பது சுற்று
செங்கல் தரை வழியாக உள்ளங்காலில் ஏறும்.
முள் நடுங்கி ஐம்பதில் நின்றதும்
சேஞ்சோவரைத் தட்டுவேன்.
தெரு முழுக்க வாரிய விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும்.
எங்கள் வீட்டு டியூப்லைட் மட்டும்
லேசாக இமைத்துக்கொண்டு.

பூங்காவனம் மிக்ஸியைப் போட்டால்
இன்ஜின் தொண்டையைச் செருமும்.
ஃபிரிட்ஜுக்கு முக்கும்.
பையன் செல்போனைச் செருகினால் கண்டுகொள்ளாது.
இஸ்திரிப் பெட்டிக்குக் கறுப்பாக ஒரு கொத்துப் புகை,
'இந்நேரத்துக்கா?' என்பதுபோல்.
அரைமூடித் தேங்காய்ச் சட்னி
எவ்வளவு பாரம் என்று
எனக்குக் காதால் தெரியும்.

இதைத்தான் மச்சினனிடம் சொல்லப் பார்த்தேன்.
"அதுக்கு மீட்டர் இருக்கே" என்றான்.

புயலுக்கு ஆகும் என்று சொல்லித்தான்
வீட்டில் அனுமதி வாங்கினேன்.
புயல் வந்தது. கம்பங்கள் படுத்தன. ஒன்பது நாள் இருட்டு.
உப்பனாறு கொட்டகைக்குள் இடுப்பளவுக்கு ஏறி
டேங்கில் சேறு, இன்ஜெக்டரில் உப்பு.
எதிர்வீட்டு மரியசூசை
தன் சார்ஜர் விளக்குகளில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்,
கொட்டகைப் பக்கம் பார்க்காமல்.
அந்த வெளிச்சத்தில்தான்
ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றித் துடைத்தேன்.
பதினோராவது நாள் டுப் என்றது.
கரண்ட் வந்து இரண்டு நாளாகியிருந்தது.

காரணம் ஆற்றோடு போயிற்று.
இன்ஜின் மட்டும் இருக்கிறது.

பூங்காவனம் அதைப் பற்றி
நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.
சத்தம். கொடியில் காயும் புடவையில் டீசல் வாடை.
ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்
மிக்ஸியைத் திருகுமுன்
சமையலறை ஜன்னலில் முகம் வைத்துக் கத்துகிறாள்:
"போடட்டுமா?"

கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு
கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு
"போடு" என்கிறேன்.